நான்கு சாயக் குப்பிகள்: காரைக்குடி அறுவைத் தியேட்டருக்கு எது பொருந்தும்?

மார்பகப் புற்றுநோய் அக்குளுக்குப் பரவும்போது அங்குள்ள எல்லா நெறிக்கட்டிகளுக்கும் ஒரே நேரத்தில் போய்விடுவதில்லை. முதலில் வாசலில் இருக்கும் ஒன்றிரண்டுக்குத்தான் போகும். அவை சுத்தமாக இருந்தால் மற்றவற்றைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. கை வீங்கிக் காலமெல்லாம் கனத்துத் தொங்கும் அவதியிலிருந்து பெரும்பாலான பெண்கள் தப்பிவிடுவார்கள். அந்த வாசல் நெறியைக் காட்டிக் கொடுப்பதற்குத்தான் சாயம். மார்பில் ஊசியாகப் போட்டு ஐந்து நிமிடம் நீவிவிட்டால் நிணநீரோடு அக்குளுக்கு ஏறும். திறந்து பார்த்தால், மஞ்சள் கொழுப்புக்கு நடுவே சொட்டு நீலத்தில் முக்கியெடுத்த மொச்சைக்கொட்டை மாதிரி ஒரு கட்டி தெரியும், அதற்குப் போகும் நூல் போன்ற நீலக் குழாயும் தெரியும். 1992இல் டொனால்டு மார்ட்டன் குழு மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கும், 1994இல் அர்மாண்டோ ஜூலியானோ குழு மார்பகத்துக்கும் இந்த முறையை வெளியிட்டன. அதன்பின் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

சாயம் நெறியை நன்றாகக் காட்டுகிறதா என்று ஒப்பிடும் எழுத்து நிறைய உண்டு. இங்கே நாங்கள் வேறு ஒரு கேள்வியை வைத்து மதிப்பிடுகிறோம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் ஒரு மயக்க மருந்து நிபுணர், இரண்டு செவிலியர், ஒரு வெண்டிலேட்டர் என்று நடக்கிற தியேட்டரில் இந்தச் சாயம் கடும் ஒவ்வாமையைக் கிளப்பினால் என்ன ஆகும்? மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ 80, 90 கிலோமீட்டர். அந்த நேரத்தில் ஆம்புலன்சை நம்ப முடியாது. தியேட்டருக்குள் இருப்பவர்களும் அலமாரியில் இருப்பவையும்தான் கைகொடுக்க வேண்டும்.

பேட்டன்ட் புளூ வி

ஐரோப்பாவில் நெடுங்காலமாகப் பழகிய சாயம். 2.5 சதவீதம், 2 மி.லி. ஆம்பூல். சலைன் சேர்த்து 5 மி.லி. ஆக்கிப் போடுவது வழக்கம். நெறியைக் காட்டும் திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிறம் தெளிவு, குழாய் வழியே ஓட்டமும் வேகம்.

ஒவ்வாமைக் கணக்குதான் குழப்பும். பிரிட்டனில் இந்த அறுவையைக் கற்றுக்கொடுத்த பயிற்சித் திட்டங்களில் 7,917 பேரைப் பார்த்தபோது 0.9 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பாதகம். ஆனால் அதே நாட்டில் மயக்க மருந்து நிபுணர்கள் கல்லூரி 2018இல் வெளியிட்ட ஆறாவது தேசியத் தணிக்கை, 1,00,000 பேருக்குப் போட்டால் ஏறத்தாழ 15 பேருக்குத்தான் என்கிறது. இரண்டும் சரியே. முதல் கணக்கில் தோல் தடிப்பும் சேர்ந்திருக்கிறது. இரண்டாவது, உயிருக்கு ஆபத்தான அளவுக்குப் போனவற்றை மட்டும் எண்ணியது. அந்தத் தணிக்கையில் அறுவை நேரத்துக் கடும் ஒவ்வாமைக்கான காரணங்களில் ஆன்டிபயாட்டிக், தசை தளர்த்தும் மருந்து, தோலில் தடவும் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் ஆகியவற்றுக்கு அடுத்து நான்காவது இடத்தில் நின்றது இந்தச் சாயம். தசை தளர்த்தும் மருந்து கிட்டத்தட்ட எல்லா மேஜையிலும் ஓடுகிறது. இதுவோ குறிப்பிட்ட சில அறுவைகளுக்கு மட்டும். அப்படியிருந்தும் நான்காவது இடம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஐசோசல்ஃபான் புளூ

அமெரிக்காவில் 1981இல் அனுமதி பெற்றது. 1 சதவீதம், 5 மி.லி. குப்பி. பேட்டன்ட் புளூவுக்கு நெருங்கிய உறவு. இரண்டும் ட்ரைஅரைல்மீத்தேன் என்ற சாயக் குடும்பம். ஒன்றுக்கு ஒவ்வாமை வந்தவருக்கு மற்றதைப் போடக் கூடாது. மருந்தோடு வரும் தாளிலேயே உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை ஏறத்தாழ 2 சதவீதம் என்று எச்சரிக்கை இருக்கிறது. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை 2,392 பேரைப் பார்த்து 2002இல் வெளியிட்டதில் 1.6 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை. ரத்த அழுத்தம் சரிந்தது 0.5 சதவீதம் பேருக்கு. அதாவது 200 பேரில் ஒருவர். சின்ன தியேட்டருக்கு இது சின்ன எண் இல்லை.

இந்தக் குப்பியில் இன்னொரு வம்பு உண்டு. வலி தெரியாமல் இருக்கட்டும் என்று லிக்னோகெய்னை ஒரே சிரிஞ்சில் கலந்தால் உடனே திரிந்துவிடும். கலக்கக் கூடாது, மரப்பு ஊசி தனி, சாயம் தனி. போட்டபின் குறைந்தது 60 நிமிடம் விடாமல் கவனிக்கச் சொல்கிறது அதே தாள்.

இந்த இரண்டு சாயத்தையும் முன்பு ஒருமுறைகூடப் போட்டுக்கொள்ளாதவருக்கு ஒவ்வாமை எப்படி வரும் என்று உறவினர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்தக் குடும்பத்துச் சாயங்கள் துணி, காகிதம், மை, அழகுப் பொருள் என்று அன்றாடம் கையில் படுபவை. இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதித்த நீலம் இரண்டுதான். அவற்றில் பிரில்லியண்ட் புளூ இதே குடும்பம். உடம்பு இப்படி எங்கோ ஒரு இடத்தில் முன்பே பழகி, எதிர்ப்புப் புரதத்தைத் தயார் செய்து வைத்திருக்கும். அதற்காகக் கண்டாங்கிச் சேலையையோ சொட்டு நீலத்தையோ குற்றம் சொல்லிவிட முடியாது. ஒருவருக்கு எந்தப் பொருளால் பழக்கம் ஏற்பட்டது என்று பின்னோக்கிப் போய் விரல் நீட்ட வழியில்லை. தலைச் சாயம் போட்டு மண்டை அரித்தது என்பதும் வேறு கதை. அது பெரும்பாலும் பாரா ஃபினிலீன் டைஅமீன் என்ற பொருளால் வருவது. அதை வைத்து இந்தச் சாயத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

எப்படித் தெரியும், ஏன் தவறவிடுகிறோம்

ஆன்டிபயாட்டிக் ஒவ்வாமை ஊசி போட்ட சில நிமிடத்தில் முகத்தில் அடிக்கும். சாயம் அப்படி இல்லை. நரம்பில் போகாமல் திசுவில் தங்கிக் கசிவதால் பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் நோயாளி முழுக்கத் துணிக்குள் போயிருப்பார், அறுவை ஓடிக்கொண்டிருக்கும். முதல் அறிகுறி பெரும்பாலும் ரத்த அழுத்தம் இறங்குவது. மூச்சுக்குழல் இறுகி இழுப்பு வரும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவோம். இந்தச் சாயங்களில் அது அதிகம் வருவதில்லை. அழுத்தம் இறங்கியதும் "மயக்கம் ஆழமாயிடுச்சு போல" என்று மயக்க வாயுவைக் குறைப்பதும், "தண்ணி பத்தல" என்று ட்ரிப்பை வேகப்படுத்துவதும், எஃபிட்ரின் கொடுத்துப் பார்ப்பதும் என்று பத்து நிமிடம் போய்விடும். அந்தப் பத்து நிமிடம்தான் விலை உயர்ந்தது.

ஆகவே அழுத்தம் காரணமில்லாமல் இறங்கினால் முதல் வேலை, அறுவைத் துணியைத் தூக்கிப் பார்ப்பது. தொடை இடுக்கு, மறு அக்குள், கண்ணிமை. காணாக்கடி போலத் தடிப்பு இருக்கும், ஆனால் சிவப்பாக இருக்காது. தட்டையான இடம் சாதாரண நிறம், மேடு மட்டும் வெளிர்நீலம். ரத்தத்தில் கலந்த சாயம், வீங்கிய தோலுக்குள் கசிந்து அந்த நிறத்தைக் கொடுக்கிறது. இந்த நீலத் தடிப்பை ஒருமுறை படத்திலாவது பார்த்து வைக்காதவர்கள் அதைச் சாயம் சிந்தியது என்று பஞ்சால் துடைத்துப் பார்ப்பார்கள். தியேட்டர் சுவரில் ஒரு வண்ணப் படம் ஒட்டி வைப்பது பத்து ரூபாய் செலவு.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றமும் உண்டு. பல்ஸ் ஆக்சிமீட்டர் 660, 940 நானோமீட்டர் என்ற இரண்டு ஒளிகளை விரல் வழியே அனுப்பிக் கணக்குப் போடுகிறது. நீலச் சாயங்கள் விழுங்கும் ஒளி அந்த 660க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மெத்திலின் புளூவுக்கு உச்சம் 668. சாயம் ரத்தத்தில் ஏறியதும் ஆக்சிஜன் குறையாமலே சாச்சுரேஷன் எண் மட்டும் இறங்கும். அழுத்தம் நிலையாக, மூச்சில் வெளிவரும் கார்பன்டைஆக்சைடு அளவு மாறாமல், எண் மட்டும் இறங்கினால் பெரும்பாலும் சாயத்தின் வேலை. அழுத்தமும் கார்பன்டைஆக்சைடும் சேர்ந்து சரிந்தால் ஒவ்வாமை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் தமனி ரத்தம் எடுத்து அதில் ஆக்சிஜன் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். சாயம் அந்த எண்ணைக் கெடுப்பதில்லை. உதடும் தோலும் நீலம் பூப்பதையும், மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போவதையும் வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் வார்டில் அலறல் இருக்காது.

நாங்கள் இந்த நான்கு குப்பிகளுக்கும் பொதுவாக அழுத்திச் சொல்வது ஒன்று: சாயத்துக்கென்று ஒரு தனி நேரம் வேண்டும். மயக்கம் கொடுத்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்து, குளோர்ஹெக்சிடின் தடவி, சாயமும் போட்டு, எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தால், பிறகு அழுத்தம் சரிந்தபோது எது காரணம் என்று கடவுளுக்கே வெளிச்சம். ஆன்டிபயாட்டிக்கை மயக்கம் கொடுப்பதற்கு முன்பே, நோயாளி விழித்திருக்கும்போதே கொடுத்துவிடலாம். மயக்கம் நிலைப்பட்டு அழுத்தம் சீரானபின் அறுவை மருத்துவர் "சாயம் போடுறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். செவிலியர் மணியை எழுத வேண்டும். அதிலிருந்து அரைமணி நேரம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தம் அளக்கும்படி மானிட்டரை வைத்துவிட வேண்டும். காசு செலவில்லாத ஏற்பாடு இது. இதைக்கூடச் செய்ய மாட்டோம் என்கிற தியேட்டர் எந்தச் சாயத்தையும் வாங்க வேண்டாம்.

வந்துவிட்டால்

அட்ரினலின்தான் மருந்து. ஏவில் என்ற ஆன்டிஹிஸ்டமினும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டும் பின்னால் வருபவை. அவற்றைத் தேடிக்கொண்டு அட்ரினலினைத் தாமதிப்பதுதான் எங்கும் நடக்கும் தவறு. இங்கே கிடைப்பது 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்பூல். நரம்பு வழி கொடுத்துப் பழக்கமில்லாதவர் பெரியவருக்கு அரை மி.லி.யைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் திரும்பவும். மயக்க மருந்து நிபுணர் நரம்பில் கொடுப்பதானால் ஒரு ஆம்பூலோடு 9 மி.லி. சலைன் சேர்த்து 10 மி.லி. ஆக்கி, அதில் அரை மி.லி., அதாவது 50 மைக்ரோகிராம். இந்தக் கணக்கைப் பதற்றத்தில் போடக் கூடாது. சாயம் போடுவதற்கு முன்பே அந்த சிரிஞ்சைக் கலந்து, "1 மி.லி. = 100 மைக்ரோகிராம்" என்று பட்டை ஒட்டி, மயக்க மருந்து மேஜையில் வைத்துவிட வேண்டும். முழு ஆம்பூலை அப்படியே நரம்பில் தள்ளி இதயத்தைத் தடுமாற வைத்த கதைகள் மருத்துவ நூல்களில் நிறைய.

கூடவே கால்களை உயர்த்துவது, நூறு சதவீத ஆக்சிஜன், பெரிய ஊசி வழியே ட்ரிப். எடைக்குக் கிலோவுக்கு 20 மி.லி. வீதம்; 60 கிலோ பெண்ணுக்கு 1,200 மி.லி. முதல் தவணை, தேவைப்பட்டால் மேலும். ரத்தக் குழாய்கள் ஓட்டை விழுந்த பானைபோல் ஒழுகும் நேரம் அது. மேல் அழுத்தம் 50க்குக் கீழே போனால் நாடி தட்டுப்படுகிறதா என்று தடவிக்கொண்டிராமல் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். பிரிட்டன் தணிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது. மூன்று தவணை அட்ரினலினுக்கும் மசியவில்லை என்றால் சொட்டுச் சொட்டாகத் தொடர் ஓட்டம். மெட்டோப்ரோலால், அட்டினலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அட்ரினலின் எடுபடாமல் போகலாம். அவருக்குக் குளூக்ககான் 1 மி.கி. நரம்பில் தேவைப்படும். அது கையிருப்பில் உண்டா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

அழுத்தம் தேறிவிட்டதென்று அன்று மாலையே வார்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. சாயம் திசுவில் தங்கியிருக்கிறது, கசிந்துகொண்டேயிருக்கும். சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரலாம். 24 மணி நேரம் தீவிரக் கண்காணிப்பு.

அறுவைக்கு முன்பே ஸ்டீராய்டும் ஆன்டிஹிஸ்டமினும் கொடுத்து வைத்தால் தப்பலாமா? அமெரிக்காவில் செய்து பார்த்ததில் ஒவ்வாமையின் கடுமை குறைந்தது. வருகிறவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. கொடுப்பதில் தப்பில்லை. அதைக் கொடுத்துவிட்டோம் என்று அட்ரினலின் சிரிஞ்சைத் தயார் செய்யாமல் விடுவதுதான் தப்பு.

மெத்திலின் புளூ

1876இல் ஹைன்ரிஷ் காரோ ஜெர்மனியில் செய்த சாயம். 1891இல் பால் எர்லிக் மலேரியாவுக்குக் கொடுத்துப் பார்த்தார். இது வேறு குடும்பம், தையசின். பேட்டன்ட் புளூவுக்கு ஒவ்வாமை உள்ளவர் பெரும்பாலும் இதைத் தாங்குவார், ஆனாலும் தோல் சோதனை இல்லாமல் நம்பிவிடக் கூடாது. கடும் ஒவ்வாமை மிக அரிது. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். அடங்காமல் சரியும் அழுத்தத்தைத் தூக்க, கடைசி ஆயுதமாக இதையே நரம்பில் கொடுப்பதும் உண்டு.

குறை தோலில்தான். இது திசுவை எரிக்கும். தோலுக்குள் மேலோட்டமாகப் போட்டால் அந்த இடம் கறுத்து அழுகலாம், புண் ஆற வாரக்கணக்காகும். 1 சதவீதக் குப்பியை அப்படியே போடக் கூடாது. ஒரு பங்குக்கு ஏழு பங்கு சலைன் சேர்த்தால் மி.லி.க்கு 1.25 மி.கி.; நெறியைக் காட்ட அது போதும், தோலும் பிழைக்கும். ஊசி ஆழமாக, மார்பகத் திசுவுக்குள் போக வேண்டும். வாங்கும்போது குப்பியில் ஊசி மருந்து என்று அச்சிட்டிருக்கிறதா என்று படிக்க வேண்டும். ஆய்வகத்தில் கண்ணாடித் தகட்டுக்குச் சாயமேற்றும் மெத்திலின் புளூவும் அதே நிறம், அதே பெயர். அது உடம்புக்குள் போகவே கூடாது.

இதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளும் வேறு. மனச்சோர்வுக்கும் மனப் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் வகை மாத்திரைகளோடு சேர்ந்தால் செரட்டோனின் மிகுந்து காய்ச்சல், நடுக்கம், குழப்பம் வரலாம். அமெரிக்க மருந்துத் துறை 2011இல் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை நரம்பில் ஏற்றும் பெரிய அளவுகளைப் பார்த்து வந்தது என்றாலும் கேட்காமல் விடக் கூடாது. ஃப்ளூஆக்சிட்டின் என்றால் நிறுத்தி ஐந்து வாரம் ஆனாலும் உடம்பில் இருக்கும். புற்றுநோய்ப் பெண்களுக்கு உடல் தகிப்புக்காக வென்லாஃபாக்சின் கொடுத்திருப்பார்கள். அதை மனநோய் மாத்திரை என்று யாரும் நினைப்பதில்லை. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருந்தால் சிவப்பணு உடையும். கர்ப்பிணிக்கு ஆகாது. "வேற மாத்திரை ஏதாச்சும் உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "ஆச்சி, ராத்திரி தூக்கத்துக்கு, நெஞ்சுப் படபடப்புக்கு என்ன சாப்பிடுறீக? அந்த மாத்திரை அட்டையை எடுத்தாரச் சொல்லுங்க" என்று கேட்டால் அட்டை வந்துவிடும்.

இண்டோசயனின் கிரீன்

நான்கிலும் சிறப்பாக வேலை செய்வது இதுதான், சந்தேகமே இல்லை. கருப்பை, கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஐசோசல்ஃபானோடு நேருக்கு நேர் வைத்து 2018இல் வெளியான ஆய்வில், கண்ட நெறிகள் 97 சதவீதம், நீலத்துக்கு 47. ஒவ்வாமையும் அரிது. 25 மி.கி. பொடி, கூட வரும் சுத்த நீரில்தான் கரைக்க வேண்டும், சலைனில் அல்ல. கரைத்து ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். சோடியம் அயோடைடு கலந்திருப்பதால் அயோடின் ஒவ்வாமை உள்ளவர்களை விலக்குவார்கள். ஆனால் கண்ணால் தெரியாது. அகச்சிவப்புக் கேமரா வேண்டும், அது பல லட்சம். சாயத்துக்குப் பதிலாக நெறியைக் காட்டப் போடும் கதிரியக்கக் கொல்லாய்டுக்கும் இதே சிக்கல். அதில் உள்ள கதிரியக்கப் பொருளான டெக்னீசியம் 99எம் ஆறு மணிக்கொருமுறை பாதியாகிவிடும். அணு மருத்துவப் பிரிவு உள்ள ஊரில்தான் அது நடக்கும்.

எங்கள் தேர்வு

கேமரா உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போகிறவர் இண்டோசயனின் கிரீனைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காரைக்குடி அளவிலான தியேட்டருக்கு நீர்த்த மெத்திலின் புளூ, ஆழமான ஊசி, தனி நேரம். பேட்டன்ட் புளூவும் ஐசோசல்ஃபானும் நல்ல சாயங்கள்தான். இரவு தங்கும் மயக்க மருந்து நிபுணரும் தீவிர சிகிச்சைப் படுக்கையும் இல்லாத இடத்தில் அவற்றை வாங்கிப் போடுவதை நாங்கள் ஏற்கவில்லை.

ஒவ்வாமை வந்தவருக்கு ரத்தத்தில் ட்ரிப்டேஸ் என்ற, ஒவ்வாமையின்போது ஏறும் பொருளைப் பார்க்க வேண்டும். உயிர் காக்கும் வேலை முடிந்ததும் ஒரு மாதிரி, ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் நான்கு மணி; பிறகு 24 மணி கழித்து இன்னொன்று. சீரம் பிரித்து உறைய வைத்து நேரம் எழுதி வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். முதல் எண், இரண்டாவதை 1.2ஆல் பெருக்கி 2 கூட்டியதைவிட அதிகமாக இருந்தால் ஒவ்வாமை உறுதி. நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத் தோல் சோதனை. அன்று கொடுத்த எல்லா மருந்தின் பெயரும் நேரமும் அந்த மருத்துவருக்குப் போக வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் "டை அலர்ஜி" என்று எழுதிக் கொடுப்பது பயன்படாது. அடுத்த ஊரில் ஸ்கேன் எடுக்கும்போது போடும் மருந்தையும் சாயம் என்றுதான் சொல்வார்கள்; தேவையில்லாமல் அது மறுக்கப்படும், அல்லது உண்மையான எதிரி திரும்பப் போடப்படும். "பேட்டன்ட் புளூ வி, ஐசோசல்ஃபான் புளூ இரண்டும் இவருக்கு ஆகாது. இன்ன தேதி, சாயம் போட்டு இத்தனை நிமிடத்தில் ரத்த அழுத்தம் இவ்வளவுக்குச் சரிந்தது, அட்ரினலின் இத்தனை தவணை தேவைப்பட்டது" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஒரு படியை ரேஷன் கார்டு வைத்திருக்கும் உறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.